தம்பிக்கு டுஷேன் தசைச்சிதைவு, பைபேப் போட மறுக்கிறான்

மதுரைக்காரி:
தம்பிக்கு 17 வயது. பதினோரு வயதில் நடை நின்றது, அதிலிருந்து வீல்சேர். ராத்திரி நாலைந்து தடவை "அக்கா, புரட்டிவிடு" என்பான், அம்மாவும் நானும் முறை வைத்து எழுந்து பழகிவிட்டோம். மூன்று மாதமாக வேறு மாதிரி: காலையில் தலைவலி, இரண்டு இட்லிக்கு மேல் இறங்குவதில்லை, பிளஸ் டூ வகுப்பில் தூங்கி விழுகிறான். தூக்கப் பரிசோதனை செய்த டாக்டர் இரவில் பைபேப், அதாவது மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தி மூச்சுக்கு உதவும் மெஷின், வேண்டும் என்கிறார். இவனோ "மெஷின் மாட்டினால் கதை முடிந்தது" என்கிறான். பெரியப்பா வேறு வந்து "பையனை ஏன் இன்னும் படுத்துகிறீர்கள்" என்று சொல்லிவிட்டுப் போனார். போட்டால் அவனுக்குச் சுகமா, இல்லை நாள்தான் நீளுமா?

கட்டைவிரல்:
அக்கா, எனக்கும் டுஷேன்தான், 26 வயது, ஆறு வருடமாக இரவில் பைபேப். போனில் கட்டைவிரலால் தட்டுகிறேன், எழுத்துப்பிழைக்கு விரலைத் திட்டவும். மூச்சுத்தசை சோர்ந்து ராத்திரியில் கார்பன் டை ஆக்சைடு உள்ளேயே தேங்கினால் அந்தக் காலைத் தலைவலி வரும், எனக்கும் அப்படித்தான் இருந்தது, நானும் ஒரு மாதம் அடம் பிடித்தேன். முழு முகத்தையும் மூடும் மாஸ்க் திணறியது, அதனால் மூக்கு மாஸ்க் வாங்கி, பகலில் கிரிக்கெட் பார்க்கும்போது அரை மணி நேரம் போட்டுப் பழகினேன். மூக்குத்தண்டில் புண் வந்தது, அளவு மாற்றியதும் ஆறிவிட்டது. இரண்டாவது வாரம் ஒருநாள் அம்மாவிடம் மூன்றாவது தோசை கேட்டேன், கையில் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டார். புரட்டிவிடச் சொல்லிக் கூப்பிடுவதும் குறைந்தது. தம்பியை என்னோடு பேசச் சொல்லுங்கள். பெரியப்பா வேண்டாம்.

பிசியோ_சேலம்:
மூச்சு வாங்குகிறது என்று வெறும் ஆக்சிஜனை மட்டும் வைத்துவிட விடாதீர்கள், கார்பன் டை ஆக்சைடு ஏறி மயக்கத்தில் கொண்டுபோய் விடும். சளி பிடித்தால் இவர்களால் இருமித் துப்ப முடியாது. கையால் அமுக்கும் ஆம்பு பையால் காற்றை அடுக்கடுக்காக நுரையீரலுக்குள் செலுத்தி, வயிற்றை அழுத்தி இருமவைக்கும் முறையை நேரில் கற்றுக்கொள்ளுங்கள். வருடா வருடம் இதயத்துக்கு எக்கோ ஸ்கேன் பார்க்கிறீர்கள்தானே? அப்புறம், உங்கள் பெரியப்பா மாதிரிதான் மருத்துவத் துறையினரும் நினைக்கிறார்கள். வென்டிலேட்டரோடு வாழும் டுஷேன்காரர்களிடமே கேட்டு அமெரிக்க மருத்துவர் ஜான் பாக் 1991-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார். பெரும்பாலானவர்கள் வாழ்க்கையில் திருப்தியாகவே இருந்தார்கள். மருத்துவப் பணியாளர்கள்தான் அதைக் குறைத்து மதிப்பிட்டிருந்தார்கள்.

இரண்டு_பிள்ளை_அம்மா:
கரண்ட் போகும் ஊர் என்றால் மெஷினுக்குத் தனி இன்வெர்ட்டர் வைத்துவிடும்மா, நாங்கள் ஒரு ராத்திரி பட்டதே போதும். தசைச்சிதைவுக்கு அரசு தரும் மாத உதவித்தொகை வருகிறதா? இல்லையென்றால் மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் எழுதிக் கொடு, பேட்டரி வீல்சேருக்கும் சேர்த்து. சான்றிதழுக்காக ஒரு இடத்தில் லிப்ட் ஓடாமல் பெரியவனை இரண்டு மாடி தூக்கினோம், அன்று பிடித்த என் இடுப்பு இன்னும் விடவில்லை. கிளம்புவதற்கு முன் லிப்ட் உண்டா என்று போன் போட்டுக் கேள்.

மதுரைக்காரி:
எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன். "அந்த மாஸ்க்கோடு போனில் பேச முடியுமா" என்று மட்டும் கேட்கச் சொன்னான்.

கட்டைவிரல்:
பேசலாம். வாயைத் திறந்தால் காற்று போகும், பேச்சு உடைந்து உடைந்து வரும், அவ்வளவுதான். ராத்திரியில் யாரோடு பேசப் போகிறானாம்? முதலில் அதைக் கேட்டுச் சொல்லுங்கள்.