மறு: ஏப்ரோட்டிக் கரைப்பான் – ‘அற்ற’ வேண்டாம், ‘தரா’ போதும்

அனைவருக்கும் வணக்கம். ‘ஏப்ரோட்டிக் கரைப்பான்’ (aprotic solvent), அதாவது தன் புரோட்டானைத் தராத கரைப்பான், என்பதற்குத் தமிழ்ச்சொல் தேடும் நம் உரையாடலில் உங்கள் கருத்துகளுக்கு என் பதில் இது. புரோட்டான் என்று இங்கே சொல்வது, எலக்ட்ரானை இழந்த ஹைட்ரஜனை.

> ‘புரோட்டானற்ற கரைப்பான்’ சுருக்கமாக இருக்கிறது. ஏப்ரோட்டிக்கின் முன்னொட்டுக்கு ‘அற்ற’ என்பதே நேரான சொல்.

நேரான சொல்தான், பொருள்தான் பிசகுகிறது. இவ்வகைக் கரைப்பானான டைமெத்தில் சல்பாக்சைடையே எடுத்துக்கொள்வோம். அதன் ஒரு மூலக்கூறில் ஆறு ஹைட்ரஜன் அணுக்கள். ஆறும் கார்பனோடு இணைந்தவை. தண்ணீரிலும் ஆல்கஹாலிலும் போல ஆக்சிஜனோடு இணைந்த ஹைட்ரஜன் ஒன்றுகூட இல்லை. அதனால் கரைபொருளுக்கு ஹைட்ரஜன் பிணைப்பு தர அது முன்வருவதில்லை. இருக்கிறது, தருவதில்லை. கஞ்சனை ஏழை என்போமா?

வெறும் சொற்சண்டை என்று ஒதுக்கிவிடாதீர்கள். சோடியம் ஹைட்ரைடு போன்ற வலிமையான காரம் இதே கரைப்பானிடமிருந்து புரோட்டானைப் பறித்துக்கொள்ளும். ஹைட்ரஜன் வாயு கிளம்பும். அந்தக் கலவையைச் சூடாக்கப் போய் வெடித்த விபத்துகள் உண்டு. ‘அற்ற’ என்று படித்த மாணவர், பறிக்க அங்கே ஒன்றுமில்லை என்றுதானே நினைப்பார்? ‘தரா’ என்றால், தானாகத் தராதது, ஆனால் பிடுங்கினால் போய்விடும் என்று விளக்க இடமிருக்கிறது.

> ‘புரோட்டான் ஈயாக் கரைப்பான்’?

காதுக்கு இனிமை. ஆனால் வகுப்பில் ஈயைத் தேடுவார்கள். மேலும் ஈ, தா, கொடு மூன்றில் ‘ஈ’ தாழ்ந்து நின்று கேட்பவன் சொல். சோடியம் ஹைட்ரைடு அப்படிக் கேட்கும் ஆள் இல்லை! செல்லாக்காசு, வாடாமல்லி வரிசையில் ‘புரோட்டான் தராக் கரைப்பான்’ இயல்பாக உட்காருகிறது. முழுப்பெயர் வேண்டுமானால் ‘முனைவுள்ள’ (polar) என்பதை முன்னால் சேர்க்கலாம்.

இன்னொன்று: டைமெத்தில் சல்பாக்சைடு ஹைட்ரஜன் பிணைப்பைத் தராதே தவிர, வாங்கிக்கொள்ளும். சோடியம், பொட்டாசியம் போன்ற நேர்மின் அயனிகளையும் அதன் ஆக்சிஜன் சூழ்ந்துகொள்கிறது. எதிர்மின் அயனிகளைக் கவனிக்க ஆளில்லை. அவை தனித்து நின்று விறுவிறுப்பாக வினைபுரிகின்றன. மூலக்கூறின் ஒரு பகுதியை நீக்கி இன்னொன்றை அங்கே அமர்த்தும் பதிலீட்டு வினைகளுக்கு வேதியியலாளர்கள் இதைத் தேடுவது இதனால்தான்.

> சல்பாக்சைடை ‘கந்தக ஆக்சைடு’ ஆக்கலாமா?

வேண்டாம். சல்போன் என்ற வேறொரு சேர்மவகையிலும் கந்தகமும் ஆக்சிஜனும் உண்டு. ஒலிபெயர்ப்பே இருக்கட்டும்.

> மருந்தியல் பட்டியலில் டைமெத்தில் சல்பாக்சைடுக்குத் ‘தோல் ஊடுருவி’ என்று போட்டிருக்கிறேன்.

பாதிதான் சரி. ஒருமுறை என் கையுறையில் இருந்த சிறு ஓட்டை வழியாக இது விரலில் பட்டது. சற்று நேரத்தில் வாயெல்லாம் பூண்டுச் சுவை. உடலுக்குள் இதில் ஒரு பகுதி டைமெத்தில் சல்பைடாக மாறுவதன் விளைவு. அதோடு போயிற்று, ஏனெனில் அது தூய கரைப்பான். இதன் சொந்த நச்சுத்தன்மை குறைவு. ஆபத்து, தன்னில் கரைந்திருப்பதையும் தோல் வழியே உள்ளே அழைத்துச் செல்வதில் இருக்கிறது. நச்சுப்பொருள் கரைந்த பாட்டில் என்றால் கதையே வேறு. அமெரிக்காவில் இந்தக் குணத்துக்காகவே 1960களில் இதை மருந்தாகக் கொண்டாடினார்கள். விலங்குகளின் கண்வில்லையில் மாற்றம் தெரிந்ததும் 1965இல் சோதனைகளை நிறுத்தினார்கள். 1978இல் ஒருவகைச் சிறுநீர்ப்பை அழற்சிக்கு மட்டும் அனுமதி கிடைத்தது.

‘ஊடுருவி’ என்றால் தான் மட்டும் நுழைவது. பிறவற்றையும் கூட்டிக்கொண்டு நுழைவதற்குச் சொல் வேண்டும். ‘கடத்தி’ பொருந்தும், ஆனால் அதை மின்சாரக்காரர்கள் எப்போதோ எடுத்துக்கொண்டுவிட்டார்கள். ‘உடனேற்றி’ என்று ஒன்று தோன்றுகிறது. ‘உடனே’ என்று படித்துவிடுவார்களோ என்று தயக்கம். யாரிடமாவது இதைவிட நல்லது இருக்கிறதா?