தி டர்னிங் பாயிண்ட் (1977) பாத்தப்போ உங்களுக்கு யார் ஞாபகம் வந்தாங்க?

எனக்கு இந்தப் படம் தெரிய வந்ததே என் பொண்ணோட பாலே கிளாஸாலதான். நியூஜெர்சில நாங்க இருக்குற ஊர்ல சனிக்கிழம காலைல கிளாஸ், ஒன்றரை மணி நேரம், கூட்டிட்டு வந்தவங்க எல்லாம் வெளிய காரிடார்ல பெஞ்சுல உக்காந்திருப்போம். அங்க ஒரு அம்மா, அறுபத்தஞ்சு வயசிருக்கும், அமெரிக்கக்காரங்க, பேத்தியக் கூட்டிட்டு வருவாங்க, யார்கிட்டயும் அதிகமா பேச மாட்டாங்க. என் பொண்ணுக்கு முதல் முதலா பாயிண்ட் ஷூ, அதான் கால் விரல் நுனில நின்னு ஆடுறதுக்கான ஷூ, வாங்கின வாரம். அந்த ஷூவுக்கு ரிப்பன் நாமளேதான் தைக்கணும், நான் எங்க வச்சுத் தைக்கிறதுன்னே தெரியாம கையில வச்சுப் பாத்துட்டே இருந்தேன், அவங்க ஒண்ணுமே சொல்லாம வாங்கித் தச்சுக் குடுத்தாங்க. நூல் இல்ல, பல்லுக்குப் போடுற ஃப்ளாஸ். சாதா நூல் ஆட்டத்துக்குத் தாங்காதாம்.

அன்னிக்குத்தான் தெரிஞ்சது, அவங்க இருபத்தோரு வயசு வரைக்கும் நியூயார்க்ல ஒரு பாலே கம்பெனில, அதாவது ஆட்டக் குழுவுல, கோர்ல ஆடினவங்கன்னு. கோர்னா நாயகிக்குப் பின்னாடி வரிசையா ஒரே மாதிரி ஆடுறவங்க. அப்புறம் கல்யாணம், குழந்தை, விட்டுட்டாங்க. விட்டதுல வருத்தம் இல்லையாம், ஆனா தான் எந்த அளவுக்கு வந்திருப்போம்னு கடைசி வரைக்கும் தெரியாமலே போயிடுச்சேங்கறது மட்டும் இன்னும் போகலன்னு சொன்னாங்க. சொல்லிட்டு இந்தப் படத்தோட பேரச் சொன்னாங்க.

அன்னிக்கு ராத்திரியே பாத்தேன். கதை தெரியாதவங்களுக்கு: டீடீ (ஷெர்லி மக்லேன்), எம்மா (ஆன் பேன்க்ராஃப்ட்) ரெண்டு பேரும் ஒரே கம்பெனில வளந்த சிநேகிதிங்க, ஒரே அளவு திறமை. டால்ஸ்டாயோட அன்னா கரீனினா நாவல வச்சுப் புதுசா ஒரு பாலே போடுறாங்க, நாயகி வேஷம் ரெண்டு பேர்ல ஒருத்தருக்குன்னு இருக்குறப்போ டீடீ கர்ப்பமாயிடுறா. வேஷம் எம்மாவுக்குப் போகுது, எம்மா பெரிய ஸ்டார் ஆயிடுறா. டீடீ கூட ஆடின வெய்னையே கட்டிட்டு ஓக்லஹோமா சிட்டில டான்ஸ் ஸ்கூல் நடத்திட்டு மூணு பிள்ளைங்கள வளக்குறா. இருபது வருஷம் கழிச்சு கம்பெனி அந்த ஊருக்கு ஆட வருது, டீடீயோட மூத்த பொண்ணு எமிலியாவ நியூயார்க்குக்கு அனுப்புற பேச்சு வருது, அங்கதான் பழசெல்லாம் கிளறுது.

இது சும்மா கட்டின கதை இல்லங்கறதுதான் என்ன ரொம்ப உலுக்குச்சு. டைரக்டர் ஹெர்பர்ட் ராஸோட மனைவி நோரா கேயே பெரிய பாலரினா, அவங்களும் எமிலியாவா நடிச்ச லெஸ்லி பிரவுனோட அம்மாவும் ஒரே கம்பெனில ஆடின பழைய சிநேகிதிங்க, லெஸ்லிக்கு நோரா ஞானத்தாய். அப்போ அந்தப் பொண்ணு திரையில ஆடினது ஏறக்குறைய தன் வீட்டுக் கதையவே! முதல் படத்துலயே ஆஸ்கர் நாமினேஷன் வேற. படத்துக்கு மொத்தம் 11 நாமினேஷன், ஒண்ணு கூட கிடைக்கல.

சண்டை சீன் பத்தி சொல்லாம இருக்க முடியல. பார்ல பேச்சு முத்திப் போய் நியூயார்க் லிங்கன் சென்டர் அரங்குங்களோட வெளி முற்றத்துல ராத்திரி நேரத்துல, நல்ல டிரஸ் போட்ட ரெண்டு பெரிய மனுஷிங்க கைப்பையால அடிச்சுக்குறாங்க. குழந்தையப் பெத்துக்கோ, இல்லன்னா வெய்ன இழந்துடுவன்னு அன்னிக்கு எம்மா சொன்ன புத்திமதி உண்மையிலயே அக்கறையா, இல்ல வேஷத்துக்காகவான்னு இருபது வருஷமா கேக்காம வச்சிருந்த கேள்வி அங்க வெளிய வருது. எம்மாவும் கடைசில ஒத்துக்குறா, அந்த வேஷத்துக்காக என்ன வேணா சொல்லியிருப்பேன்னு. அதுக்கப்புறம் ரெண்டு பேரும் சிரிக்க ஆரம்பிச்சிடுறாங்க, நான் அங்கதான் அழுதேன், ஏன்னா அவ்ளோ நாள் பிடிச்சு வச்சத விட்டவங்க சிரிக்கிற சிரிப்பு அது.

உங்களுக்கு யார் ஞாபகம் வந்தாங்க, சொல்லுங்க.

*

எனக்கு ஆள் ஞாபகம் வரல அக்கா, இடம்தான். போன ஜூன்ல நியூயார்க் போனப்போ அமெரிக்கன் பாலே தியேட்டர் கம்பெனியோட ஜிசெல் பாலேவ மெட்ல, அதான் லிங்கன் சென்டர்ல இருக்குற மெட்ரோபாலிட்டன் ஆப்பரா ஹவுஸ்ல, பாத்தேன், மேல கடைசி வரிசை டிக்கெட், மேடைல முகமே தெரியல, ஆனா ரெண்டாவது அங்கத்துல வெள்ள டிரஸ்ல அந்த விலிங்க, அதாவது காதல்ல ஏமாந்து கல்யாணத்துக்கு முன்னாடியே செத்த பொண்ணுங்களோட ஆவிங்க, வரிசையா குறுக்க வர்றப்போ மேலேர்ந்து பாக்கறவனுக்குத்தான் அந்தக் கோடு எவ்ளோ நேரா இருக்குன்னு தெரியும். படத்துல எமிலியா குடிச்சுட்டு வந்து அந்த வரிசைல தடுமாறுவா இல்ல, சிரிப்புக்கு வச்ச சீன்தான், ஆனா மெட்ல பாத்தப்புறம் எனக்கு அது பயமா இருந்துச்சு, ஒருத்தி பிசகினா அத்தன பேரோட உழைப்பும் போச்சு. ஷோ முடிஞ்சு வெளிய ஃபவுன்டன் கிட்ட ரொம்ப நேரம் நின்னேன், அவங்க அடிச்சுகிட்டது இந்தப் பக்கம்தானேன்னு.

எமிலியாவோட காதலன் யூரியா நடிச்ச பாலே டான்ஸர் பரிஷ்னிகவ் பத்தி யாரும் சொல்லலயே. 1974ல டொரன்டோவுக்கு ஆட வந்த இடத்துல சோவியத்த விட்டு வந்தவரு, மூணே வருஷத்துல இந்தப் படம். யூரியோட காதல் கதை படத்துல பலவீனம்தான், ஆனா அவர் குதிச்சா கேமரா வெட்டாம முழு உடம்பும் தெரியுற மாதிரி வச்சிருக்காங்க, அதுக்காகவே பாக்கலாம்.

*

நான் ஈரோடு பக்கம்ங்க. பாலே பத்தி ஒண்ணும் தெரியாது, பாத்த ஒரே பாலே படம் இதுதான். ஆனா டீடீ எனக்குத் தெரிஞ்சவ. நானும் என் ஃபிரெண்டும் ஸ்கூல்லேர்ந்து வாலிபால், நான் செட்டர், பந்தத் தூக்கிக் குடுப்பேன், அவ அடிப்பா. காலேஜ் ரெண்டாவது வருஷம் ரயில்வேல ஸ்போர்ட்ஸ் கோட்டா செலக்ஷன், அதே மாசம் எனக்கு மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வந்தாங்க. அவகிட்டதான் கேட்டேன் என்ன பண்ணட்டும்னு. நல்ல இடம், கட்டிக்கோடின்னா. அவ செலக்ஷன் போனா, வேலை கிடைச்சுது. பதினேழு வருஷமா அத நான் அவகிட்ட கேக்கல. வீட்டுக்காரரு நல்லவருதான், பிள்ளைங்க நல்லா படிக்குதுங்க, குறைன்னு ஒண்ணும் இல்ல, ஆனா அவ ஃபோன் பண்ணி டோர்னமெண்ட் பத்தி சொல்றப்போ மட்டும் நான் அடுப்புல ஏதோ இருக்குன்னு வச்சிடுவேன். படம் பாத்த மறுநாள் நானே ஃபோன் போட்டுக் கேட்டுட்டேன், அன்னிக்கு ஏண்டி அப்படிச் சொன்னன்னு. கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம், நீயும் வந்திருந்தா என்ன எடுத்திருப்பாங்களான்னு எனக்கு இன்னும் தெரியலடின்னா.

அவளுக்கும் அதே கேள்விதான் இருந்திருக்கு. இது எனக்கு இவ்ளோ நாள் தோணவே இல்லங்க.

*

ஈரோட்டு அக்கா, நீங்க எழுதினத மூணு தடவ படிச்சேன். எம்மா பக்கமும் அதேதான் இல்ல? வயசாகிட்டே வருது, கம்பெனி இளம் பொண்ணுங்களப் பாக்க ஆரம்பிச்சாச்சு, வீட்டுக்குப் போனா நாய்க்குட்டிங்க மட்டும்தான், எமிலியாவுக்கு டிரஸ் எடுத்துக் குடுத்துக் குடுத்து அம்மா மாதிரி ஆகப் பாக்குறா, டீடீ அதப் பாத்துத் துடிக்கிறா.

அடுத்த சனிக்கிழம அந்த அம்மாகிட்ட படம் பாத்துட்டேன்னு சொன்னேன். நிறைய பேசுவாங்கன்னு நினைச்சேன். தலைய மட்டும் ஆட்டிட்டு, உங்க பொண்ணு ஷூவக் குடுங்கன்னாங்க. அடிப்பாகத்த கையாலயே வளச்சு, முனைப் பெட்டிய உள்ளங்கையால அமுக்கி அமுக்கி இளக்கினாங்க, அந்த விரல் எல்லாம் தானா போகுது, கண்ணு கண்ணாடிக் கதவு வழியா உள்ள ஆடுற பிள்ளைங்க மேல இருக்கு. முடிச்சுட்டு அடுத்த ஜோடிக்கு ரிப்பன் நீங்களே தச்சு எடுத்துட்டு வாங்கன்னாங்க. தச்சு எடுத்துட்டுப் போனேன். ஒரு பக்கம் அரை இஞ்ச் முன்னாடி போயிருக்குன்னு பிரிச்சுட்டு, என் கையிலயே ஊசியக் குடுத்தாங்க.