விண்டோஸ் 11-க்கு ஏத்தின பிறகு ஷேர் ஃபோல்டர் மக்கர்: நாஸ், ஜெராக்ஸ் மெஷின் ரெண்டும் நிக்குது

வண்ணார்பேட்டை டிடிபி
அண்ணாச்சிமாருக்கு வணக்கம். மெயின் சிஸ்டத்தை 10 புரோவிலிருந்து 11 புரோவுக்கு (24எச்2 பதிப்பு) ஏத்தியாச்சு. அப்பவே மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்டுக்கும் மாத்தியாச்சு, இப்போ பின் நம்பர் போட்டுத்தான் உள்ள போறது. மத்த ரெண்டு சிஸ்டமும் 10-லயே கிடக்கு. பிரச்சினை மூணு:

நாஸை (நெட்வொர்க்ல எல்லாரும் பொதுவா ஃபைல் வைக்கிற பெட்டி) திறந்தா, "நிறுவனத்தின் பாதுகாப்புக் கொள்கை கெஸ்ட் அணுகலைத் தடுக்கிறது"ங்கிற மாதிரி செய்தி வருது. முன்ன பாஸ்வேர்டே கிடையாது, கெஸ்ட்டாத்தான் உள்ள போவோம்.
10 சிஸ்டத்துல இருந்து மெயினுக்குப் போனா பாஸ்வேர்ட் கேக்குது, பின் நம்பர் போட்டா ஏத்துக்கல.
ஜெராக்ஸ் மெஷின்ல ஸ்கேன் பண்ணினா ஃபோல்டருக்கு வரல.

யூடியூப்ல எஸ்எம்பி 1-ஐ (ஃபைல் ஷேரிங்குக்கான பழைய நெறிமுறை) டிக் பண்ணச் சொல்லுதாவ. பண்ணலாமா? பத்திரிகை ஃபைல் பூரா நாஸ்ல இருக்கு, முகூர்த்த ஆர்டர் வேற.

பாளை நெட்வொர்க்
எஸ்எம்பி 1-ஐத் தொடாதிய. 2017 மே மாசம் ஃபைலைப் பூட்டிக் காசு கேக்குற வானாக்ரை வைரஸ் பரவினது அதுல இருந்த ஓட்டை வழியாத்தான். அதோட, கெஸ்ட் தடுப்புச் செய்தி வருதுன்னாலே உங்க நாஸ் எஸ்எம்பி 2 இல்லேன்னா 3 பேசுதுன்னுதான் அர்த்தம். டிக் போட்டாலும் அது தீராது.

24எச்2 புரோவுல ரெண்டு விஷயம் மாறியிருக்கு. ஒண்ணு, கெஸ்ட்டா உள்ள போறது தடை. இன்னொண்ணு, போற வர்ற ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் கையெழுத்து (சைனிங்) கட்டாயம். அந்தக் கையெழுத்துக்கான சாவி பாஸ்வேர்டுல இருந்துதான் உருவாகுது. கெஸ்ட்டுக்கு பாஸ்வேர்ட் இல்ல, அதனால சாவியும் இல்ல. குரூப் பாலிசியில "எனேபிள் இன்செக்யூர் கெஸ்ட் லாகான்ஸ்" மட்டும் போட்டுட்டு "இன்னும் வரலியே"ன்னு நிறைய பேரு முழிக்கிறது இதனாலதான். சைனிங்கையும் நிறுத்தினாத்தான் கெஸ்ட் வேலை செய்யும். ரெண்டையும் நிறுத்துறது கதவையே கழட்டி வைக்கிற மாதிரி.

நாஸ் அட்மின் பக்கத்துல ஒரு யூசர், பாஸ்வேர்ட் போடுங்க, அந்த ஷேருக்கு எழுதும் அனுமதி குடுங்க. அப்புறம் மெயின்ல கிரெடென்ஷியல் மேனேஜர் → விண்டோஸ் கிரெடென்ஷியல்ஸ் போயி நாஸோட ஐபி (நெட்வொர்க் முகவரி எண்), யூசர், பாஸ்வேர்ட் சேருங்க. ஐபியா சேத்தா திறக்கிறதும் ஐபியாலதான் (\\192.168.1.20). பேரால திறந்தா மறுபடி பாஸ்வேர்ட் கேக்கும்.

அதுக்கு மேலயும் கையெழுத்து செல்லாதுன்னு பிழை வந்தா நாஸ்ல சைனிங் அணைஞ்சு கிடக்கு. அங்கன ஆன் பண்ணுங்க, ஃபர்ம்வேர் (நாஸுக்குள்ள ஓடுற மென்பொருள்) அப்டேட்டும் பாருங்க. ரவுட்டர்ல செருகின யுஎஸ்பி டிரைவ் மாதிரி அறவே முடியாததுக்கு மட்டும், லோக்கல் செக்யூரிட்டி பாலிசி → செக்யூரிட்டி ஆப்ஷன்ஸ்ல "மைக்ரோசாஃப்ட் நெட்வொர்க் கிளையன்ட்: டிஜிட்டலி சைன் கம்யூனிகேஷன்ஸ் (ஆல்வேஸ்)"ஐ டிசேபிள் பண்ணலாம்.

ரெண்டாவது சுலபம். பின் அந்த ஒரு சிஸ்டத்துக்குள்ளதான், நெட்வொர்க்ல செல்லாது. மெயின்ல தனியா ஒரு லோக்கல் யூசர் போட்டு அதைக் குடுங்க. பாஸ்வேர்ட் இல்லாத யூசர் நெட்வொர்க் வழியா உள்ள வர முடியாது, வெறுமனே விட்டுராதிய.

டவுன் காப்பியர் சர்வீஸ்
ஜெராக்ஸுக்கும் அதே மாதிரி லோக்கல் யூசர்தான் மருந்து. மெஷின் அட்ரஸ் புக்குல இருக்கிறது பழைய பாஸ்வேர்ட். அக்கவுண்ட் மாத்தினதும் அது செத்துப் போச்சு. மெயின்ல ரன் போயி lusrmgr.msc அடிச்சு 'லோக்கல் யூசர்ஸ் அண்ட் குரூப்ஸ்' திறந்து "ஸ்கேன்"னு ஒரு யூசர் போடுங்க. "அடுத்த லாகின்ல மாத்தணும்" டிக்கை எடுத்துட்டு "பாஸ்வேர்ட் நெவர் எக்ஸ்பயர்ஸ்" போடுங்க. இதை மறந்தா சரியா 42 நாள் ஓடும், அப்புறம் ஒரு காலையில நிக்கும். விண்டோஸோட வழக்கக் கெடு அது. ஃபோல்டர்ல ஷேரிங், செக்யூரிட்டி ரெண்டு டேப்லயும் "ஸ்கேன்"னுக்கு மாடிஃபை அளவு அனுமதி வேணும். ஒண்ணுல மட்டும் குடுத்தா லாகின் ஆகும், ஃபைல் வராது.

அப்பவும் வரலேன்னா மெஷினோட வெப் பக்கத்துல எஸ்எம்பி 2/3, என்டிஎல்எம் வி2 (பாஸ்வேர்டைச் சரிபார்க்கிற முறை) இருக்கான்னு பாருங்க. எஸ்எம்பி 1 மட்டும் பேசுற பழைய மாடல்னா உங்க நாஸ்ல எஃப்டிபி-ஐ (ஃபைல் அனுப்புற இன்னொரு முறை) ஆன் பண்ணி ஸ்கேனை அங்கன அனுப்புங்க. மெயின் அதே ஃபோல்டரை எஸ்எம்பி 3-ல எடுத்துக்கிடும்.

வண்ணார்பேட்டை டிடிபி
10 சிஸ்டம் ரெண்டும் மெயினுக்குள்ள வந்துட்டு. ஸ்கேனும் வருது, எஸ்எம்பி 2-ஐ ஆன் பண்ணினதும். நாஸ் மட்டும் 1219-ன்னு பிழை காட்டுது. நெட்வொர்க் பக்கமும் காலியா கிடக்கு.

பாளை நெட்வொர்க்
1219 வந்தா பழைய இணைப்பு ஒண்ணு வேற பேருல ஒட்டிக்கிட்டு இருக்கு. ஒரே சர்வருக்கு ரெண்டு யூசர் பேருல ஒரே நேரத்துல போக விடாது. மேப் பண்ணின டிரைவைத் துண்டிச்சு, லாக் ஆஃப் ஆகி வாங்க.

நெட்வொர்க் பக்கத்துக்கு: முதல்ல இணைப்பு பப்ளிக்னு மாறிக் கிடந்தா பிரைவேட்டாக்குங்க. சர்வீசஸ்ல "ஃபங்ஷன் டிஸ்கவரி ரிசோர்ஸ் பப்ளிகேஷன்", "ஃபங்ஷன் டிஸ்கவரி புரொவைடர் ஹோஸ்ட்" ரெண்டையும் ஆட்டோமேட்டிக் (டிலேடு ஸ்டார்ட்) ஆக்கிட்டு ஸ்டார்ட் குடுங்க. பேரு தெரியலேன்னாலும் ஐபியில ஷேர் திறக்கும், பயப்படாதிய.

ஜங்ஷன் ஹார்டுவேர்
ஒண்ணு விட்டுப் போச்சு. கரண்ட் போயிட்டு வந்தா ரவுட்டர் வேற ஐபி குடுத்துரலாம். சேத்து வச்ச கிரெடென்ஷியல், ஜெராக்ஸ் அட்ரஸ் புக்கு எல்லாம் வீண். நாஸுக்கும் மெயினுக்கும் ரவுட்டர்ல டிஎச்சிபி (ஐபி பிரிச்சுக் குடுக்கிற) பக்கத்துல மேக் அட்ரஸை (நெட்வொர்க் கார்டோட அடையாள எண்) வச்சு ரிசர்வ் பண்ணிருங்க.