"ஆபரேஷன் பண்ணிக்கிறியாம்மா?": என்னிடம் மட்டும் கேட்ட கேள்வி

இரண்டாவது குழந்தை பிறந்த மறுநாள். சுகப்பிரசவம்தான், ஆனாலும் எழுந்து உட்காரத் தெம்பில்லை. நர்ஸம்மா வந்தார். "ரெண்டு ஆயிடுச்சே, ஆபரேஷன் பண்ணிக்கிறியாம்மா?" வெந்நீர் பிளாஸ்க்கோடு என் கணவர் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவரும் அது தன் சங்கதி இல்லை என்பதுபோல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

எதிர்ச்சுவரில் ஒரு போஸ்டர். சேலை கட்டிய அம்மா, இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று. கீழே காப்பர் டி, அந்தரா ஊசி, சாயா மாத்திரை, பெண் கருத்தடை என்று வரிசையாக இருந்தது. ஆண் கருத்தடை கடைசி வரியில், பொடி எழுத்தில். படத்தில் அப்பாவே இல்லை.

எனக்கு வயிற்றைத் திறந்துதான் செய்தார்கள். ஆண்களுக்கு அந்த இடம் மட்டும் மரத்துப்போக ஊசி போட்டு, சின்னதாகத் துளையிட்டுச் சில நிமிடங்களில் முடித்துவிடுகிறார்கள், தையல் கிடையாது என்பது பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது. அன்று யாராவது சொல்லியிருக்கலாமே என்ற ஆற்றாமை இன்னும் போகவில்லை. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பைப் பாருங்கள். இந்தியாவில் திருமணமான தம்பதியரில் பெண் கருத்தடை செய்துகொண்டவர்கள் 37.9 சதவீதம். ஆண் கருத்தடை 0.3.

உங்களுக்கும் இப்படி நடந்ததா? எழுதுங்கள்.

*

பதில்: ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர்

அந்தக் கேள்வியை நானும் நூற்றுக்கணக்கான பெண்களிடம் கேட்டிருக்கிறேன் அம்மா. மனசு கனக்கிறது. நாங்கள் வீடு வீடாகப் போவது காலை பதினோரு மணிக்கு. ஆண்கள் வேலைக்குப் போயிருப்பார்கள், பெண்களிடம்தான் பேசுவோம். பதிவேட்டின் பெயர் என்னவோ 'தகுதியுள்ள தம்பதியர்'தான்.

ஆண்களுக்கென்று நவம்பர் 21 முதல் டிசம்பர் 4 வரை இருவார விழா வரும். நோட்டீஸையும் வீட்டிலிருக்கும் பெண்களிடமே கொடுத்துவிட்டு வருவோம். "அவரு பாரம் தூக்குற ஆளு, வலு போயிடும்" என்பார்கள். வலு போகாது என்று அந்த ஆணிடம் நேரில் சொல்ல எங்களில் யாரும் போகவில்லை. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-ல், வடக்கே ஆண்களை வலுக்கட்டாயமாகப் பிடித்துப்போய்ச் செய்த பயம் பெரியவர்களிடம் வெகுநாள் இருந்தது. அந்தப் பயத்தைப் பேசிப் போக்கியிருக்க வேண்டும். அதை விட்டுவிட்டு மொத்தப் பாரத்தையும் பெண்கள் பக்கம் தள்ளிவிட்டார்கள். 2014-ல் சத்தீஸ்கரின் பிலாஸ்பூரில் கருத்தடை முகாமில் ஆபரேஷன் செய்துகொண்ட பெண்கள் பத்துப் பேருக்கு மேல் இறந்த செய்தி வந்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

*

பதில்: மார்க்கெட்டில் மூட்டை தூக்குபவன்

அக்கா, நான் செய்துகொண்டவன். மனைவிக்கு ரத்தசோகை. அவளுக்கு இன்னொரு ஆபரேஷன் வேண்டாம் என்று நானாகப் போனேன். அங்கேயும் டோக்கன் கூப்பிட்டு, என் மனைவியைத்தான் உள்ளே வரச் சொன்னார்கள். "எனக்குத்தாங்க" என்று இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

அன்றே வீட்டுக்கு வந்துவிட்டேன். மூன்று மாதம் ஆணுறை போட வேண்டும், அப்புறம் விந்துப் பரிசோதனை செய்து உறுதிப்படுத்த வேண்டும். அதை மட்டும் விட்டுவிடக் கூடாது. அம்மா அழுதார், சமாதானம் சொன்னேன்.

நர்ஸம்மா சொன்ன அந்தப் பாரம் விஷயத்துக்கு என் பதில்: ஒரு வாரம் ஓய்வெடுத்தேன். எட்டாம் நாள் வெங்காய மூட்டை இறக்கப் போய்விட்டேன். கூட வேலை செய்பவர்கள் இப்போது டீ குடிக்கும்போது தனியாகக் கூப்பிட்டு விசாரிக்கிறார்கள். எல்லாம் விவரமாகச் சொல்லுகிறேன்.