பம்புசெட் தண்ணீரில் ஒரு அணை

பிள்ளைகள் கையில் கிடைத்ததை வைத்துத் தாங்களாகவே எதையாவது கட்டிப் பார்த்த அனுபவங்களைச் சிலர் இங்கே எழுதியிருக்கிறார்கள்.

கும்பகோணம் பக்கத்திலிருந்து:

போன மே மாதம் அக்கா பிள்ளைகள் இரண்டு பேரும் சென்னையிலிருந்து ஊருக்கு வந்திருந்தார்கள். பெரியவனுக்கு ஒன்பது வயது, சின்னவளுக்கு ஏழு. மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12-இல்தான் திறப்பார்கள் என்பதால் ஆற்றில் வெறும் மணல். பக்கத்து வயலில் பம்புசெட் ஓடிக்கொண்டிருந்தது. வயல்காரத் தாத்தாவிடம் கேட்டுக்கொண்டு, அந்தத் தண்ணீர் போகிற சின்ன வாய்க்காலில் "ஒரு அணை கட்டுங்கள், பார்க்கலாம்" என்று இருவரையும் இறக்கிவிட்டேன். கணுக்கால் அளவுதான் தண்ணீர், ஆனாலும் நான் வரப்பை விட்டு நகரவில்லை.

முதல் அணை வெறும் மணல். தண்ணீர் ஏறி விளிம்பைத் தொட்டது, ஒரு நூல் மாதிரி மேலே வழிந்தது. அந்த நூல் மணலை அரித்து அகலமாகி, நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மொத்தத்தையும் வாரிக்கொண்டு போய்விட்டது. பெரியவன் இன்னும் உயரமாகக் கட்டினான். அதுவும் போனது. அதைவிட உயரமாக ஒன்று; அதுவும் போனது. காரணத்தைச் சொல்ல எனக்கு வாய் துறுதுறுத்தது, ஆனால் சொல்லவில்லை. மூன்றாவது உடைந்த பிறகு சின்னவள் கேட்டாள்: "மாமா, தண்ணி மேல ஏறாம ஓரமா போக வழி விட்டா?" ஒரு ஓரத்தைத் தாழ்வாக விட்டு, அந்த இடத்தில் கல்லும் ஓட்டுச்சில்லும் பதித்தாள். அணை நின்றுவிட்டது. நம் ஏரிகளில் எல்லாம் இருக்கிற கலிங்கு இதுதான். பெயரே தெரியாமல் அதைக் கண்டுபிடித்துவிட்டாள்! எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

அடுத்து மதகு. பப்பாளி இலைக் காம்பு உள்ளே கூடாக இருக்குமே, அதைக் குழாயாகச் செருகினார்கள். (வெட்டியதும் வடிகிற பால் தோலில் பட்டால் அரிக்கும், நன்றாகக் கழுவிவிட்டுக் கொடுங்கள்.) காம்புக்குள் தண்ணீர் வந்தது, ஆனால் காம்பைச் சுற்றியும் கசிந்தது. பத்து நிமிடத்தில் அந்தக் கசிவே ஓட்டையாகி அணை உட்கார்ந்துவிட்டது. அதுவரை சும்மா பார்த்துக்கொண்டிருந்த தாத்தா அப்போதுதான் வாயைத் திறந்தார். "குழாயை ஒட்டித்தான் தம்பி தண்ணி வழி தேடும். களிமண்ணைப் பிசைஞ்சு சுத்தி அழுத்து." நிஜமான மண் அணைகளுக்கும் இதே ஆபத்து உண்டு, குழாய் போகிற இடம்தான் பலவீனமான இடம்.

ஊருக்குப் போகும் முன் இருவரையும் கல்லணைக்குக் கூட்டிப்போனேன். கரிகாலன் கட்டியதாகச் சொல்லும் அந்த அணையின் கற்கள் மணலில் தாமாகப் புதைந்து, அதற்குமேல் புதைய முடியாமல் இறுகி நின்றவை. திருச்சி பக்கத்து முக்கொம்பில் 1836-இல் மேலணை கட்டிய ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன், ஆழம் தெரியாத மணலில் அடித்தளம் போடுவதை இந்த ஊர்க்காரர்களிடம்தான் கற்றோம் என்று எழுதியிருக்கிறார். பெரியவன் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து ரொம்ப நேரம் கீழேயே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம், "நாமளும் முதல்ல கல்லைப் போட்டிருக்கணும் மாமா" என்றான்.

கோவில்பட்டியிலிருந்து:

எங்கள் வீட்டில் பனை ஓலைக் காற்றாடி. ஓலைத் துண்டு இரண்டைக் குறுக்காகக் கோத்து, நடுவில் கருவேல முள்ளைக் குத்தி, முள்ளைச் சோளத்தட்டையில் செருக வேண்டும். என் மகள் செய்தது சுற்றவே இல்லை. ஓட்டை இறுக்கமாக இருக்கிறது என்று எனக்குப் பார்த்ததும் தெரிந்தது. உடனே வாங்கிச் சரிசெய்து கொடுத்துவிட்டேன். ஐந்து நிமிடம் ஓடிவிட்டுக் கீழே போட்டுவிட்டாள். மறுநாள் அவளாகச் செய்ததில் ஓட்டை தொளதொளவென்று இருந்தது, காற்றாடி ஆடி ஆடித்தான் சுற்றியது. ஆனால் அதைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்கினாள். இப்போது நுங்கு வண்டி நடக்கிறது. நுங்கு நோண்டிய காய் இரண்டு, இடையில் அச்சுக்குச்சி, தள்ளுவதற்குக் கவட்டைக் கம்பு. ஒரு காய் பெரிது, ஒன்று சிறிது, வண்டி வட்டமடிக்கிறது. ஏன் என்று அவளே யோசித்துக்கொண்டிருக்கிறாள். இந்தத் தடவை நான் கை வைக்கவில்லை.

திண்டுக்கல்லிலிருந்து, ஒரு ஆசிரியை:

பள்ளி மரத்தடியில் சோளத்தட்டைகளை ஊறவைத்த வாழைநாரால் கட்டி ஆட்டுக்குட்டிக்குப் பந்தல் போடச் சொன்னேன். எல்லாக் குழுவும் சதுரமாகத்தான் கட்டின. தொட்டால் சாய்ந்தது. முடிச்சு சரியில்லை என்று ஒருவரையொருவர் குறை சொல்லி, நாரை இன்னும் இறுக்கினார்கள். கடைசியில் ஒரு பையன், சாய்கிற பக்கம் மூலைக்கு மூலை ஒரு தட்டையைக் குறுக்கே வைத்துக் கட்டினான். அசையவில்லை. சதுரம் முக்கோணங்களாகிவிட்டால் வடிவம் மாறாது என்ற பாடத்தை மறுவாரம்தான் பலகையில் எழுதினேன். எழுதும் முன்பே வகுப்பு முழுக்கச் சொல்லிவிட்டது.

மறுபடியும் கும்பகோணம் பக்கத்திலிருந்து:

டீச்சர், உங்கள் பந்தலைப் படித்ததும் அக்கா வீட்டுக்குப் போன் போட்டேன். பிள்ளைகள் இந்த லீவுக்கும் வருகிறார்கள். கோழிக்கு ஒரு கூண்டு வேண்டும், நாலு மூங்கில் குச்சி இருக்கிறது என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். குறுக்குக் கம்பைப் பற்றி மூச்சு விடவில்லை.