கடல்குதிரை: வளர்த்தவங்க, கடல்ல பார்த்தவங்க அனுபவம் சொல்லுங்க

திருநகர் மீன்தொட்டி:

எல்லாருக்கும் வணக்கம். வீட்டுல நாலடி கடல்நீர்த் தொட்டி நல்லா ஓடிக்கிட்டிருக்கு. ஒரு ஜோடி கோமாளி மீன், கொஞ்சம் காலர்பா பாசி, ரெண்டு இறால். புது வீட்டுல தரைத்தளம் கிடைச்சிருக்கு. அஞ்சடி நீளம், ரெண்டடி அகலம், ரெண்டரை அடி உயரத்துல பெரிய தொட்டி போடப் போறேன். ரொம்ப நாள் ஆசை, அதுல கடல்குதிரை வச்சு குஞ்சு எடுக்கணும். ஒரு கடையில கேட்டேன். "ஜோடி வரும், சொல்லி வச்சா எடுத்துத் தர்றேன்"னு சொல்லியிருக்காங்க. அட்வான்ஸ் கொடுக்கறதுக்கு முன்னாடி, வளர்த்தவங்களும் நேர்ல பார்த்தவங்களும் என்ன சொல்றீங்கன்னு கேட்டுக்கலாம்னு வந்தேன்.

கே.கே.நகர் ரீஃப்:

தம்பி, அட்வான்ஸ் கொடுத்துடாதீங்க. 2001 ஜூலையில இருந்து கடல்குதிரை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோட முதல் அட்டவணையில இருக்கு. புலி இருக்கற அதே அட்டவணை. பிடிக்கறது, விக்கறது, வீட்டுல வச்சிருக்கறது எல்லாமே குற்றம். உயிரோட இருந்தாலும் காஞ்சு கிடந்தாலும் வித்தியாசம் கிடையாது. தண்டனை மூணு வருஷத்துல இருந்து ஏழு வருஷம் வரைக்கும் சிறை. அதை விடுங்க, அந்த ஜோடி எங்க இருந்து வரும்னு யோசிச்சுப் பாருங்க. பாக் நீரிணையிலயோ மன்னார் வளைகுடாவுலயோ யாரோ வலையில இருந்து பிரிச்சு, ஆக்சிஜன் பையில போட்டு, ராத்திரி பஸ்ல ஏத்தி விடுவாங்க.

நான் வளர்த்திருக்கேன், குஞ்சும் எடுத்திருக்கேன். டெக்சாஸ்ல வேலை பார்த்த காலத்துல. ஹவாயில ஒரு பண்ணை இருக்கு, அங்கேயே பிறந்து வளர்ந்த குதிரைங்களை முறைப்படி அனுப்புவாங்க. நான் வாங்கினது ஹிப்போகாம்பஸ் எரெக்டஸ், அட்லாண்டிக் கரையோரத்து இனம். பண்ணையில பிறந்ததால உறைஞ்ச மைசிஸ் இறாலைத் தின்னப் பழகித்தான் வரும். கடல்ல பிடிச்சது அப்படியில்ல. அசையற உயிர் இரையைத் தவிர எதையும் ஏறெடுத்துப் பார்க்காது. நிறைய பேர் வீட்டுல அது பட்டினியாலதான் செத்திருக்கு. நோய்னு நினைச்சு மருந்து ஊத்திக்கிட்டே இருந்திருப்பாங்க.

இந்த உயிருக்கு இரைப்பை கிடையாது, பல்லும் கிடையாது. தின்னது குடல் வழியா வேகமா ஓடிடும். அதனால பெருசுகளுக்கே ஒரு நாளைக்கு ரெண்டு மூணு வேளை போடணும். மெதுவாத்தான் சாப்பிடும். ஒரு மைசிஸ் துண்டு மிதந்து வந்தா, ஒரு கண்ணு அதைப் பார்க்கும், இன்னொரு கண்ணு தனியா வேற பக்கம் சுத்தும். தலையை லேசாச் சாய்ச்சு, மூக்கை அது பக்கத்துல கொண்டுபோய், "டிக்"குன்னு ஒரு உறிஞ்சல். கண்ணாடிக்கு வெளிய இருந்தே அந்தச் சத்தம் கேட்கும். இந்த நிதானத்துக்குக் கோமாளி மீனோ டாம்செல் மீனோ காத்திருக்காது. குதிரை வாய் வைக்கறதுக்குள்ள அதுங்க இரையைக் காலி பண்ணிடும். அதனால கடல்குதிரைத் தொட்டின்னா அதுக்கு மட்டும்தான்.

பவளம் வளர்க்கற பெரிய ரீஃப் தொட்டி போட்டா கடல்குதிரையும் சௌகரியமா இருக்கும்னு பல பேர் நினைக்கறாங்க. ரெண்டும் வேற வேற. பவளத்துக்கு 25, 26 டிகிரி போதும். எரெக்டஸை 22ல இருந்து 24க்குள்ள வச்சிருந்தேன். சூடு ஏற ஏற விப்ரியோ பாக்டீரியா பெருகி தோல் வெள்ளையா உரியும், வால் நுனி அழுகும். மதுரையில சித்திரை வெயில்ல வீட்டுக்குள்ளயே 34, 35 போகும். அதுல 700 லிட்டர் தண்ணியை 23க்கு இறக்கி வைக்கணும்னா தண்ணியைக் குளிர வைக்கற சில்லர் மெஷின் நிக்காம ஓடணும். அப்புறம் கொட்டற பவளம், சீ அனிமோன், களை மாதிரி பரவற அயிப்டேசியாங்கற சின்ன அனிமோன் எதுவும் கூடவே கூடாது. கடல்குதிரை வாலால எதையாவது பிடிச்சுக்கிட்டே இருக்கற உயிர். பிடிச்ச இடத்துல கொட்டினா தோலெல்லாம் புண்ணாயிடும். நீரோட்டம் தர்ற பவர்ஹெட் மோட்டார் வாயிலயும், தண்ணி வழிஞ்சு வெளிய போற ஓவர்ஃப்ளோவுலயும் வலை கட்டாம விட்டா வால் உள்ள போயிடும்.

உயரம் மட்டும் நீங்க சரியாவே எடுத்திருக்கீங்க. ஜோடி சேர்றப்ப ரெண்டும் வயிறோட வயிறு ஒட்டிக்கிட்டு, சுத்திக்கிட்டே மேல எழும்பும். அந்த எழும்பல்லதான் பெட்டை தன்னோட முட்டையை ஆணோட பைக்குள்ள விடும். தொட்டி குட்டையா இருந்தா பாதி முட்டை கீழ சிந்தும்.

ஜோடி சேர்ந்த பிறகு தினம் காலையில விளக்கு போட்டதும் ஒண்ணை ஒண்ணு தேடி வரும். நிறம் வெளுத்து, பிரகாசமாகும். ஒரே தண்டுல வாலைச் சுத்திக்கிட்டு கொஞ்ச நேரம் பக்கத்துல பக்கத்துல ஆடும். இனப்பெருக்கக் காலம் முழுக்க இதுதான் அதுங்களோட விடியல். அப்பல்லாம் ஆபீஸ் கிளம்பறதுக்கு முன்னாடி காபியோட நான் நின்ன இடமே அந்தத் தொட்டி முன்னாடிதான்.

பிரசவம் பெரும்பாலும் விடியறதுக்கு முன்னாடி நடக்கும். சுமக்கறது ரெண்டு, மூணு வாரம். பை உருண்டையாகி, தோல் இழுபட்டு, கடைசி நாள்ல ஆண் ஒரே இடத்துல வாலைப் பிடிச்சுக்கிட்டு மூச்சு வேகமா வாங்கும். அப்புறம் உடம்பை முன்னால மடக்கி மடக்கி நிமிரும். ஒவ்வொரு மடக்கலுக்கும் பை வாய் திறந்து அஞ்சாறு குஞ்சு தெறிச்சு வெளிய வரும். ஒரு சென்டிமீட்டர்தான் இருக்கும், ஆனா அச்சு அசல் குதிரை: மூக்கு, வால், கிரீடம் எல்லாம் இருக்கு. நூத்துக்கணக்குல வரும். அப்பன் களைச்சுப்போய் நிக்கும். ஒண்ணு ரெண்டு நாள்ல மறுபடியும் பெட்டையோட எழும்பிடும்.

வேலையே அதுக்கப்புறம்தான். குஞ்சுங்க வெளிச்சத்தைத் தேடி மேல வந்து, மூக்கு நீர்மட்டத்துல பட்டு காத்தை விழுங்கும்; அப்படியே மிதந்து செத்துப்போகும். அதனால உருண்டையான பாத்திரம், மெல்லிசா சுழலற நீரோட்டம், சுத்தியும் கறுப்புத் தாள், வெளிச்சம் ஒரு பக்கம் மட்டும். முதல் நாள்ல இருந்தே உயிர் இரை வேணும். ஆர்ட்டீமியாங்கற பொடி உப்புநீர் இறால் முட்டையில இருந்து பொரிய ஒரு நாள் ஆகும். பொரிஞ்ச கொஞ்ச நேரத்துல அதுக்கு வாய் திறக்கும், அப்ப பாசியும் கொழுப்புச் சத்தும் ஊட்டி, அதைக் குஞ்சுகளுக்குப் போடணும். ஊட்டாத ஆர்ட்டீமியாவைத் தின்னா வயிறு நிறையும், உடம்பு தேறாது. கோப்பிபாட்ங்கற நுண் கடலுயிர் கிடைச்சா அதைவிட நல்லது. ஒரு நாளைக்குப் பல வேளை, மிச்சத்தை உடனே உறிஞ்சி எடுத்துடணும். வீட்டுல ஒருத்தர் முழு நேரமும் அதுக்கே இருக்கணும். எங்க வீட்டுல நானும் மனைவியும் முறை போட்டுப் பார்த்தோம். வாலால ஒண்ணையொண்ணு பிடிச்சுக்கிட்டுக் கொத்தாத் தொங்க ஆரம்பிச்ச அன்னிக்கு அவ சந்தோஷத்தைப் பார்க்கணும்!

மதுரை திரும்பினப்ப குதிரைங்களை அங்க உள்ள ஒரு நண்பர்கிட்ட ஒப்படைச்சுட்டு வந்தேன். இங்க என் தொட்டியில கடல்குதிரை கிடையாது, இனியும் வைக்க மாட்டேன். நூத்தம்பது கிலோமீட்டர் தள்ளி அது வாழற கடலே இருக்கு.

தொண்டிக்காரன்:

அண்ணன் சொன்னது அத்தனையும் சரி. நான் இப்ப மாட்டுத்தாவணி பக்கம் கடை வச்சிருக்கேன், பூர்வீகம் தொண்டி. அப்பா நாட்டுப்படகுல நண்டு வலை விட்டவர். எங்க பக்கம் கடல் ஆழமில்லாதது, அடியில புல்லு அடர்த்தியா கிடக்கும். நண்டு வலையை இழுக்கறப்ப அந்தப் புல்லோட சேர்ந்து குதிரையும் வரும். வலை நூலை வாலால சுத்திப் பிடிச்சிருக்கும், பிரிச்சு எடுக்க நேரமாகும். சின்னப் பையனா இருக்கறப்ப அதை உள்ளங்கையில வச்சா விரலைச் சுத்திப் பிடிக்கும். அவ்வளவு சின்ன உடம்புல அப்படி ஒரு பிடி.

அப்பல்லாம் கரையில காயப்போட்டு வச்சிருப்பாங்க. வெளியூர் வியாபாரி வந்து எண்ணி வாங்கிட்டுப் போவார். சிங்கப்பூர், ஹாங்காங் மருந்துக்குப் போகுதுன்னு பேசிக்குவாங்க. தடை வந்த புதுசுல எங்க ஆளுங்களுக்கு ரொம்பக் கஷ்டம். கடல் அட்டையும் சேர்ந்துல்ல தடையாச்சு. கடல்ல மூழ்கி அட்டை எடுத்தவங்களுக்கு அதுதான் சோறு. அந்தக் கோபம் இன்னும் ஊர்ல இருக்கு, அதுல நியாயமும் இருக்கு. ஆனா அப்பா குதிரை விஷயத்துல மட்டும் தெளிவா இருந்தார். உயிரோட வந்தா படகுலயே பிரிச்சுத் தண்ணியில விட்டுருவார். விசைப்படகோட மடி வலையில வர்ற சங்காயத்தோட, அதாவது கழிவு மீனோட சேர்ந்து செத்து வர்றதுதான் அதிகம். அதை யாரும் தேடிப் பிடிக்கறதில்ல, புல்லை வழிச்சு இழுக்கறப்ப தானா வந்துருது. உயிரோட கடைக்கு வருதுன்னா யாரோ அதுக்குன்னே எடுத்து வச்சிருக்காங்கன்னு அர்த்தம். திருநகர் தம்பி, உங்களை மாதிரி ஆசைப்படறவங்க கேட்கலைன்னா அதை எடுத்து வைக்க மாட்டாங்க.

பசுமலை டீச்சர்:

நான் விலங்கியல் சொல்லித் தர்றேன். மாணவிகளை மண்டபம் கூட்டிட்டுப் போறது வழக்கம். 1947ல தொடங்கின மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தோட தலைமையகம் ஆரம்ப காலத்துல பல வருஷம் அங்கதான் இருந்துச்சு, பிறகு கொச்சிக்கு மாறிடுச்சு. கோமாளி மீனைத் தொட்டிக்குள்ளயே முட்டையிட வச்சுக் குஞ்சு வளர்க்கற முறையை இங்கே உருவாக்கிச் சொல்லித் தர்றது அவங்கதான். கடல்குதிரை ஆராய்ச்சியும் உரிய அனுமதியோட நடந்திருக்கு.

நான் கடல்குதிரையைக் கடல்லயே பார்த்தது பாக் நீரிணைப் பக்கம், இடுப்பளவு தண்ணியில. கண்ணாடி போட்டுக் குனிஞ்சு புல்லுக்குள்ளயே பார்த்துக்கிட்டிருந்தேன், ஒண்ணுமே தெரியல. கூட வந்த மீனவர் விரலால காட்டின இடத்துல ஒரு புல் தண்டு மட்டும் அலையோட சேர்ந்து ஆடாம கொஞ்சம் தாமதமா ஆடிச்சு. அது புல் இல்ல. மஞ்சளும் பழுப்பும் கலந்த நிறம், மேல பாசி படிஞ்சிருக்கு. நான் நகர்ந்ததும் அது முதுகைத் திருப்பிக்கிச்சு. முகத்தைக் காட்டவே இல்ல.

இன்னொண்ணும் சொல்லணும். மேல "ரீஃப் தொட்டி"ன்னு பேச்சு வந்துச்சு. கல் பவளம், கடல் விசிறி எல்லாமும் 2001ல இருந்தே அதே முதல் அட்டவணைதான். மன்னார் வளைகுடாவுல 21 தீவு 1986லயே கடல்சார் தேசியப் பூங்காவாச்சு. அங்க இருந்து வர்ற உயிர்ப்பாறையும் (நுண்ணுயிர் குடியேறின கடல் பாறை) வாங்கக் கூடாது. செராமிக் பாறை போதும், நுண்ணுயிர் அதுலயும் குடியேறும்.

திருநகர் மீன்தொட்டி:

அட்வான்ஸ் கொடுக்கல. அந்தக் கடைக்கும் வேண்டாம்னு சொல்லிட்டேன். தொண்டி அண்ணன் எழுதினதை வீட்டுலயும் படிச்சுக் காட்டினேன். ஆனா அப்பன் சுமந்து குஞ்சு பொரிக்கறதைப் பார்க்கணுங்கற ஆசை மட்டும் போகல. வேற வழி இருக்கா?

வில்லாபுரம்:

இருக்கு. பங்காய் கார்டினல். இந்தோனேசியாவுல சுலவேசி பக்கம் பங்காய் தீவுகளைப் பூர்வீகமாக் கொண்ட மீன், வெள்ளி உடம்புல கறுப்புப் பட்டை. கடல்ல அருகிப்போச்சு, அதனால தொட்டியில பிறந்த குஞ்சான்னு கேட்டு மட்டும் வாங்குங்க. இதுலயும் அப்பாதான் சுமக்கறது, பைக்குப் பதிலா வாய். முட்டையை வாய்க்குள்ள வாங்கி, பொரிஞ்ச பிறகும் குஞ்சை உள்ளேயே வச்சிருக்கும். மொத்தம் ஒரு மாசம் போல ஒண்ணுமே தின்னாது. தாடை கீழ இறங்கி வீங்கியிருக்கும். உள்ள கண்ணுங்க மின்னறது டார்ச் வெளிச்சத்துல தெரியும். வெளிய விடறப்ப குஞ்சு முழு மீன் வடிவத்துல இருக்கும், ஊட்டின ஆர்ட்டீமியாவை அன்னிக்கே தின்னும். கோமாளி மீன் குஞ்சுக்கு ரோட்டிஃபர்ங்கற நுண்ணுயிரை வளர்த்தே ஆகணும், இதுக்கு அது கட்டாயமில்ல.

நிறைய வாங்கிக் கூட்டமா விடாதீங்க, ஜோடி சேர்ந்ததும் மத்ததை விரட்டி ஓரங்கட்டும். ஜோடி அமைஞ்சா மீதியை வேற தொட்டிக்கு மாத்திடுங்க. சுமக்கற ஆணைத் துரத்திப் பிடிச்சா பயத்துல முழுங்கிடும் இல்ல துப்பிடும். அதை இருக்கற இடத்துலயே விட்டுட்டு மத்த மீனை எடுக்கறதுதான் நல்லது.

கே.கே.நகர் ரீஃப்:

நல்ல யோசனை. அப்ப தொட்டிக் கணக்கைச் சொல்லிடறேன். அஞ்சுக்கு ரெண்டுக்கு ரெண்டரைன்னா 25 கன அடி, சுமார் 700 லிட்டர். கண்ணாடி, ஸ்டாண்ட், பாறையெல்லாம் சேர்த்தா ஒரு டன்னை நெருங்கும். தரைத்தளம்னு சொன்னதால கவலையில்ல, ஆனா ஸ்டாண்ட் நாலு காலும் ஒரே மட்டத்துல நிக்கணும், ரச மட்டம் வச்சுப் பாருங்க. ரெண்டரை அடி உயரத்துக்குக் கண்ணாடித் தடிமனைத் தொட்டி கட்டறவர் குறைக்கச் சொன்னா ஒத்துக்காதீங்க. நம்ம ஊர் போர் தண்ணியை நேரா ஊத்தாதீங்க, ஆர்.ஓ.வோட, மிச்ச உப்பை இழுக்கற டி.ஐ. ரெசினும் வேணும். உப்பு லிட்டருக்கு 35 கிராம் கணக்கு. தண்ணி ஆவியானா உப்பு ஆவியாகாது, குறையறதை வெறும் ஆர்.ஓ. தண்ணியாலதான் நிரப்பணும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்துக்கு வர்ற வரைக்கும், நாலு ஆறு வாரம் ஆனாலும், மீன் விடாதீங்க. கார்டினலுக்கு 25, 26 டிகிரி போதும், சில்லரோட வேலை குறையும்.

மாசாமாசம் பராமரிப்புக்குக் கரண்டை நிறுத்தற நாளுக்கு இன்வெர்ட்டர்ல, தண்ணியைத் தொட்டிக்குத் திரும்ப ஏத்தற ரிட்டர்ன் பம்ப்பையும் ஒரு ஏர் பம்ப்பையும் மட்டும் இணைங்க. சில்லரை இணைச்சா பேட்டரி சீக்கிரம் தீர்ந்துடும். அன்னிக்கு சாயங்காலம் வரைக்கும் ஒரு சின்ன ஃபேனைத் தண்ணி மேல திருப்பி விட்டாலே ரெண்டு மூணு டிகிரி குறையும். எந்தத் தெருவுல தொட்டி கட்டித் தர்றாங்கன்னு கேட்டா தனியா அனுப்பறேன்.