ஹைலக்ஸ் பிக்கப்புக்கு பின்னால எந்த லீஃப் ஸ்ப்ரிங் (பட்டை வில்லு) போடலாம்?

அண்ணே எல்லாருக்கும் வணக்கம், கேஎல் செந்தூல்ல இருக்கேன். 2017 ஹைலக்ஸ், ட்ரிப் போறப்ப ஃப்ரிட்ஜ், ரூஃப் டென்ட், தண்ணி டாங்க் எல்லாம் சேத்து பின்னால ஒரு 250 கிலோ ஏறிடும், குவா மூசாங் ரோட்டுல பின்பக்கம் குந்திக்கிட்டு மூக்கு வானத்த பாக்குது, ராத்திரில என் லைட்டு கண்ணுல அடிக்குதுன்னு எதிர்ல வர்ற லாரிக்காரன் ஹார்ன் அடிச்சே கொல்றான். வொர்க்ஷாப் போர்மேன் வண்டிய 2 இன்ச் தூக்கி 300 கிலோ பாரத்துக்கான லீஃப் போடுன்னாரு, ஆனா சாமான இறக்கிட்டு வீட்டுக்காரி வேலைக்கு ஓட்டுறப்ப கட்ட வண்டி மாதிரி குதிக்குமே? இல்ல மீடியம் லீஃப் போட்டு, பாரம் தாங்க காத்தடிக்கிற சஸ்பென்ஷன் ஏர்பேக் வைக்கலாமா, அதுல சேஸி (அடிச்சட்டம்) வளைஞ்சிரும்னு வேற பயமுறுத்துறாங்க. 2 இன்ச் தூக்குனா, முன்னாடி அப்பர் ஆர்ம் (முன் வீல புடிச்சிருக்கிற மேல் கை) மாத்தாம வீல் அலைன்மென்ட் வருமா? ஷாக் அப்சார்பர் மட்டும் மாத்துனா தொங்கல் போகாது, தெரியும், அத மட்டும் சொல்லாதீங்க லா. வண்டி இன்ஸ்பெக்ஷன் பண்ற புஸ்பாகோம்ல யாருக்காச்சும் சிக்கல் வந்துச்சா? பட்ஜெட் 5000 வெள்ளி (ரிங்கிட்).